பின்கட்டு அறை வாசலில் ஒரு செம்புத் தகடு

எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குள் போகிறவர் யாராக இருந்தாலும், வாசலில் அறைந்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பயர் ஆபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் அப்படித்தான் தொடுவார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும், பொறி பறக்காது. எங்கள் பின்கட்டில் மருந்து ஏது? ஒரு நாய்தான் இருக்கிறது. தகட்டை அறைந்தவர் என் வீட்டுக்காரர்.

நாயை வாங்கிய காலத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் சொந்தப் பட்டாசுக் கம்பெனி, கை நிறைய சீசன் ஆர்டர், ஓயாத பேச்சு. நாய் ஆப்கன் ஹவுண்ட். என் இடுப்பு உயரம், தலையிலிருந்து பாதம்வரை பட்டு நூலாகத் தொங்கும் முடி. இந்த ஊர் வெயிலில் என் கொண்டையே எனக்குப் பாரம்.

"சுத்துப்பட்டியில ராஜபாளையம், சிப்பிப்பாறைன்னு எம்புட்டு நாய் கெடக்கு. ஜடாமுடியோட ஒண்ணைக் கொண்டாந்திருக்கீகளே" என்றேன்.

"நாய் ஷோவுல நிக்கும்போது பாரு, ஊரே வாயைப் பொளக்கும்" என்றார்.

அப்புறம் ஒரு பங்குனி மாதத்தில் மருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வருகிறவர்கள், இவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள். உராய்வு என்றார்கள், உடம்பு மின்சாரம் என்றார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்து விசாரணை முடிந்தபின் இவர் கம்பெனியைத் திறக்கவில்லை. வீட்டு வாசலையும் தாண்டவில்லை. என்னிடம்கூட வேண்டிய சொல்லுக்கு மேல் பேசமாட்டார்.

நாய்க்கு முடி வாருவது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய வேலை. காற்றில் ஈரம் காய்வதற்கு முன், விடியலிலேயே எழுந்துவிடுவார். போர் தண்ணீரின் உப்பு முடியை முறுக்கிவிடும் என்று குளிப்பாட்டக் கேன் தண்ணீர்தான். காய்ந்த முடியில் சீப்பை வைக்கவே மாட்டார். கண்டிஷனர் கலந்த தண்ணீரைப் புகைபோலத் தெளித்து, பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு வகிடாகப் பிரித்து வாருவார். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் விழும் சிக்கை விரலாலேயே அவிழ்ப்பார். நாய் சாப்பிடும்போது காது முடி தட்டில் விழாமல் இருக்க ஒரு துணிக்குழாயை மாட்டிவிடுவார். பருத்தி தவிர வேறு துணி அந்த அறைக்குள் வரக்கூடாது. முடி 'சட்' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், எழுந்துபோய்த் தகட்டைத் தொட்டுவிட்டு வருவார்.

எனக்கு அந்த நாய்மேல் ஒரு பாசமும் கிடையாது. ஆனால் அதன் உடம்பில் முடி இருக்கிறவரைக்கும் இந்த மனுஷன் காலையில் எழுந்திருப்பார் என்பது தெரியும். அதற்காகவே அதைப் பொத்திப் பொத்திப் பார்த்தேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் தேறிவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. மதுரையில் ஷோ நடக்கப்போகிறது, போவோமா என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினார். அடுப்படிக்குள் போய் அழுதேன்.

என் தம்பிதான் வண்டி ஓட்டினான். ஏசி போட்ட மண்டபம், தரை முழுக்க நைலான் கம்பளம். உள்ளே நுழைந்ததும் இவர் கதவோரச் சுவரைக் கையால் தடவித் தேடினார். அங்கே நின்ற ஊழியரிடம், "தம்பி, எர்த் தகடு எங்கன இருக்கு?" என்று கேட்டார். அவர் பிளக் பாயிண்டைக் காட்டி, "போனுக்கு சார்ஜ் போடணுமா சார்?" என்றார்.

எங்கள் முறை வந்தது. "மச்சான், கூப்பிடுறாக. ஒரு வாரு வாரிட்டு வாங்க" என்றான் தம்பி. இவர் தண்ணீரைத் தெளித்துச் சீப்பை வைத்தார். அந்தக் குளிரிலும் கம்பளத்திலும் நின்ற முடிக்குத் தெளித்த தண்ணீர் போதவில்லை. படபடவென்று பொரிந்து எழும்பி, இவர் கையோடு ஒட்டிக்கொண்டது. இவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"இந்தா, உள்ள இருக்க ஆளுகள எல்லாம் வெளிய போகச் சொல்லு" என்றார் என்னிடம். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "போகச் சொல்லு, பிள்ளகுட்டிக்காரக" என்றார்.

மண்டபமே எங்களைப் பார்த்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வண்டியில் ஏற்றினோம்.

மறுநாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது பின்கட்டில் என் தையல் கத்தரிக்கோல் கிடந்தது. நாயின் முடி முழுவதும் தரையில் குவிந்திருந்தது. உரித்த ஆடுபோல நாய் மூலையில் நின்றது.

"இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

நாளைக்கு இவர் எதற்காக எழுந்திருப்பார் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. முடியை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டினேன். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஆனால் விடியலில் பின்கட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவர் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வெறும் தோலில் தண்ணீரைத் தெளித்தார். நாய் பழக்கத்தில் முன்காலைத் தூக்கிக் கொடுத்தது. பாதத்திலிருந்து தொடங்கி, இல்லாத முடியை வகிடு வகிடாகப் பிரித்து அவர் வார ஆரம்பித்தார்.