ஜாக்கிக்குப் பதிலாக எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணனை ஊரில் எல்லோரும் எடைக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். அவர் குறுக்கே நடந்தால் அலமாரியில் இருக்கும் ரஸ்க் டப்பாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். யாராவது சிரித்தால் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார்.

அந்த உடம்பால் ஊருக்கு ஒரு உபகாரமும் உண்டு. எங்கள் மலை ரயில் ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும்தான். தண்டவாளத்தை யாரும் கவனிப்பதில்லை. கட்டைகள் உளுத்துவிட்டன, ஆணியைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. வளைவுகளில் பின்பெட்டிச் சக்கரம் அடிக்கடி கீழே இறங்கிவிடும். யாரும் அலறுவதில்லை. "இறங்கிடுச்சா? அப்ப நாமளும் இறங்குவோம்" என்று பின்னல் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

நீளமான ஓர் இரும்பைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து, நடுவில் கட்டையை முட்டுக்கொடுத்து, மறுமுனையில் ஆட்கள் வரிசையாக உட்கார வேண்டும். பெட்டி ஒரு பக்கம் எழும்பும். சக்கரத்துக்கு முன்னால் சரிவான இரும்புத் துண்டை வைத்துவிட்டால், எஞ்சின் இழுக்க இழுக்கச் சக்கரம் அதன்மேல் ஏறித் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிடும். இரும்பின் நுனி பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார அண்ணனுக்குத்தான் தைரியம். அவர் உட்கார்ந்தபின் அங்கே வேறு யாருக்கும் இடமும் இருக்காது.

அதனால் அண்ணன் ரயிலேறும் நாட்களில் ரயில் கார்டு, பெட்டியைத் தூக்கும் ஜாக்கியை ஸ்டேஷனிலேயே இறக்கிவிடுவார். அந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றலாம்.

மலையுச்சி ஸ்டேஷனுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அக்காவை அண்ணனுக்குப் பேசினோம். போட்டோவைப் பார்த்துவிட்டு, "நேர்ல வரட்டும், பேசிப் பாக்கறேன்" என்று சொல்லியனுப்பினார். அண்ணன் இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

"போட்டோவுல பாதிதான் இருக்கு. மீதியப் பாத்தா பயந்துடும்" என்றார். அன்றுதான் அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தேன்.

அதன்பின் ரொட்டியைத் தொடவில்லை. வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான் சாப்பாடு. அடுப்பு மூட்டுவதற்கு முன் மலைப்பாதையில் ஓட்டம். ஆள் நன்றாக இளைத்துவிட்டார். தினமும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. எடைக்கல் என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்குக் கண் எதற்கு?

தையல் கடை அக்கா கடைசியாக ஒரு சேதி அனுப்பினார். "இந்தத் தடவை சாயங்காலம் கடை சாத்தறதுக்குள்ள வரலேன்னா, வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க."

அண்ணனும் நானும் ரயிலேறினோம். ஜன்னலில் அண்ணன் முகத்தைக் கண்டதும் கார்டு, "ஜாக்கிய இறக்குங்கப்பா, எடைக்கல் வந்துட்டாரு" என்றார். உச்சி ஸ்டேஷனின் கூரை கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவில் கடகடவென்று சத்தம். பெட்டி நொண்டியடித்து நின்றது.

எல்லோரும் உற்சாகமாக இறங்கினார்கள். இரும்பைச் செருகினார்கள். அண்ணன் நுனியில் உட்கார்ந்தார். பின்னால் நான்கு பேர். பெட்டி அசையவில்லை.

"மூச்ச உள்ள இழுத்து உக்காருண்ணே!" என்றார் டிரைவர்.

"மூச்சுல என்னடா எடை இருக்கு?"

கார்டு கிட்டே போய் அண்ணனைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "அண்ணே, மீதி எங்கண்ணே?"

"குறைச்சுட்டேன்."

"யாரக் கேட்டுக் குறைச்சீங்க? ஜாக்கிய வேற இறக்கிட்டேனே!"

உருளைக்கிழங்கு மூட்டையை அண்ணன் மடியில் வைத்தார்கள். பெட்டி கொஞ்சம் முனகியது, எழவில்லை. அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பன் கூடையை அவர் தலையில் வைத்தார்கள். ஒரு பெரியவர் தன் குடையையும் கொடுத்தார். நுனியில் அண்ணனுக்குப் பக்கத்தில் இப்போது ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. பள்ளத்தைப் பார்த்துவிட்டு யாரும் முன்வரவில்லை. அண்ணன் வெயில் சாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடந்தே போயிடட்டுமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் எழுந்தால் ரயில் அங்கேயேதான் கிடக்கும். அவரால் எழ முடியவில்லை.

அப்போது தண்டவாளத்தின் வழியே ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். கழுத்தில் அளவு நாடா. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. தையல் கடை அக்காவேதான்.

"ரயிலு வரலேன்னதும் மூணாவது தடவையும் திரும்பிட்டாருன்னு நெனச்சேன். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். மடியில் மூட்டையும் தலையில் கூடையுமாக இருந்த அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா?"

"நான்தாங்க" என்றார் அண்ணன், கூடைக்கு அடியிலிருந்து.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளி உக்காருங்க" என்று நுனியில் ஏறி உட்கார்ந்தார். இரும்பு சர்ரென்று இறங்கியது. பெட்டி எழும்பியது. "இழு! இழு!" என்று கார்டு கத்த, எஞ்சின் உறும, சக்கரம் டமால் என்று தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது. பன்கள் நான்கு பக்கமும் உருண்டன. அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் இளைச்சீங்க?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டேனா? ரயிலையே தூக்கற ஆளுன்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் வரச் சொன்னேன்."

பயணிகள் யாரும் பெட்டியில் ஏறவில்லை. டிரைவர் எஞ்சினிலிருந்து தலையை நீட்டி, "முடிவச் சொல்லும்மா, அப்பதான் வண்டி கிளம்பும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீதான தங்கச்சி? இவரு இப்படியேதான் இருப்பாரா?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "இல்லக்கா," என்றேன். "ஒரு மாசம் விட்டா பழையபடி ஆயிடுவாரு."

"அப்ப சரி" என்றார் அக்கா.

ஒரே கூச்சல். டிரைவர் ஊதலை நிறுத்தாமல் அடித்தார். அண்ணனும் அக்காவும் பின்பெட்டியின் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார, அவர்களைப் பார்க்க எல்லோரும் அந்தப் பக்கமே போய் அடைந்தார்கள். பெட்டி சாய்ந்து கிரீச்சிட்டது.

"பாவிங்களா! பிரிஞ்சு உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே கார்டு ஓடி வந்தார். ஒருவரும் நகரவில்லை.