நான் கிழித்துக் கொடுத்த சட்டைகள்

சினிமாவில் பைத்தியத்துக்கு உடுப்பு தயார் பண்ணுகிறவள் முதலில் பட்டனை அறுக்க வேண்டும், அப்புறம்தான் துணியைக் கிழிக்க வேண்டும். இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் காஸ்ட்யூமர் பொன்னப்பன் சேட்டன். என் மகள் காலேஜில் சேர்ந்த வருஷம், ஓணத்துக்கு முந்தின வாரம். அதுவரை நான் கரமனையில் வீட்டிலிருந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஷூட்டிங்குக்குத் தையல் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று கூப்பிட்டார். தைக்கத்தானே என்று போனேன். கையில் பிளேடைக் கொடுத்தார். வீட்டில் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கிழிந்ததை எத்தனை வேண்டுமானாலும் தைத்துவிடலாம், நல்ல துணியைக் கிழிக்கத்தான் நமக்குக் கை வராது.

கிழியாத சேலை

பொன்னப்பன் சேட்டனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. காதல் தோல்வியில் பைத்தியமானவனுக்குத் தாடியும் ஒரு சால்வையும் போதும், அழுக்கு கூடாது. தெருவில் திரிகிறவனுக்கு டீத்தூள் கொதிக்க வைத்த தண்ணீரில் சட்டையை முக்கி, உப்புத்தாளால் தேய்த்து, முழங்கையில் கிழிக்க வேண்டும். பெரிய வீட்டு மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிற அம்மாளுக்கு வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி.

ஒரு தடவை அந்த மாதிரி வெள்ளைச் சேலை வந்தது. கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. இதை எங்கே கிழிக்கட்டும் என்று கேட்டேன். சேட்டன் பதறிப்போய்ச் சேலையைப் பிடுங்கிக்கொண்டார்.

"பணக்காரங்க வீட்டுப் பைத்தியம் கிழிக்காது மோளே, சிரிக்கும், அவ்வளவுதான்."

லாரன்ஸின் இஸ்திரிச் சட்டை

பழக்கம் என்பது பொல்லாதது. ஒருநாள் காலை ஒரு கூடை உடுப்பு இஸ்திரி போடக் கிடந்தது. வாயில் சஷ்டி கவசம், கையில் இஸ்திரிப் பெட்டி. போலீஸ்காரர் சட்டை, வக்கீல் கோட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தவள், முந்தின நாள் நானே பாடுபட்டுக் கசக்கிக் கிழித்து வைத்த பைத்தியத்தின் சட்டையையும் சுருக்கமில்லாமல் தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிட்டேன்.

அன்றைக்குப் பைத்தியமாக நடிக்க வந்தவர் லாரன்ஸ். விழிஞ்ஞத்துக்காரர், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாத நாளில் ஷூட்டிங்கில் கூட்டத்தோடு நிற்க வருவார். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் போய் நிற்க, உதவி டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கசக்கப் பார்த்தேன். லாரன்ஸ் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருக்கட்டும் சேச்சி, எனக்கு ஒருத்தர் இஸ்திரி போட்டுச் சட்டை தர்றது இதுதான் முதல் தடவை."

வீட்டில் நடந்தது

இப்போது என் மகன் சண்முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். தாராளமாகச் சொல்லு என்றான்.

அவனுக்கு மனசு சுகமில்லாமல் போனது பாலிடெக்னிக் படிக்கிறபோது. தூக்கம் போனது. பஸ்ஸில் கண்டக்டர் தன்னைப் பற்றித்தான் யாரிடமோ சொல்கிறார் என்றான். பிறகு பஸ்ஸிலேயே ஏறவில்லை. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். கூச்சல் இல்லை, சிரிப்பு இல்லை. பிள்ளை எதையோ பலமாக யோசிக்கிறான் என்றுதான் நினைத்தேன். சினிமாவிலும் சரி, நான் படிக்கிற வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலும் சரி, பைத்தியம் என்றால் தலையை விரித்துக்கொண்டு ஓடி வரும். இவன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி அல்லவா உட்கார்ந்திருந்தான்? கடைசியில் அவனுடைய அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை, மாசத்துக்கு ஒருதரம் டாக்டர், பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் உடைக்கிற தேங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு குடைக் கடையில் வேலை. அந்த மாத்திரை இன்றைக்கும் உண்டு.

அப்புறம் என் வேண்டுதல் எல்லாம் ஒன்றுதான். அவனுக்கும் ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேண்டும். அவனைப் பார்க்க வருகிறவர்கள் நான் கிழித்த சட்டையை மனசில் அவனுக்குப் போட்டுப் பார்த்துவிடக் கூடாது, பிள்ளையாரப்பா.

ஒரு சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து பிளேடும் கையுமாக இருந்தேன். கடையிலிருந்து வந்தவன் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு வந்தப்போ ஒரு சட்டைகூடக் கிழியலையேம்மா, நான் சரியாப் பண்ணலையோ?"

காலரில் மஞ்சள்

நம் வீடுகளில் புதுத்துணி உடுத்துவதற்கு முன்னால் ஓரத்தில் துளி மஞ்சள் வைப்போம். என் கை அதைச் சினிமாத் துணி, வீட்டுத் துணி என்று பார்ப்பதில்லை.

ஒரு படத்தில் கதாநாயகனின் தம்பிக்குப் பைத்தியம் பிடிக்கும். நிச்சயதார்த்தத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். பிற்பாடு அதே சட்டை கிழிந்து தொங்க, அவனைச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். கடையிலிருந்து வந்த சட்டைக்கு நான் வழக்கம்போலக் காலர் முனையில் மஞ்சள் வைத்துக் கொடுத்தேன். நிச்சயதார்த்தம் எடுத்து முடித்தார்கள். மறுநாள் சங்கிலி சீன். கிழித்துக் கசக்கிக் கொடுத்தாகிவிட்டது. கேமரா முகத்துக்குக் கிட்டே போனதும் டைரக்டர் நிறுத்திவிட்டார். சின்னப் பையன்தான், மரியாதையாகவே பேசுவார்.

"கிழிக்கப் போற சட்டைக்கு மஞ்சள் எதுக்கு சேச்சி?" என்று கேட்டார்.

"புதுசு இல்லையா சாரே. போடுறவர் நல்லா இருக்கணும்னு" என்றேன்.

துடைத்துவிடலாம் என்றால், நேற்று எடுத்ததில் மஞ்சள் இருக்கிறது, இன்றைக்கு இல்லாமல் போனால் தப்பு. மறுபடி எடுக்க நேரமில்லை. டைரக்டர் என்னையும் காலரையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னப்பன் சேட்டன்தான் தீர்ப்புச் சொன்னார்.

"போகட்டும் சாரே, அவனுக்கு மஞ்சளோடயே பைத்தியம் பிடிக்கட்டும்."

கோமதி படம் பார்த்தது

அந்தப் படம் வெளிவந்த சமயத்தில்தான் சண்முகத்துக்குக் கோமதி வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா இங்கே ஓட்டலில் சமையல், பெண் கிழக்கேகோட்டை ஜவுளிக் கடையில் வேலை. சண்முகம் முதல் நாளே தன் சீக்கு, மாத்திரை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் அப்பாவும் பெண் இஷ்டம் என்று விட்டுவிட்டார். பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் எனக்கு ஒரு போன். "அத்தை, நீங்க வேலை பார்த்த படம் ஓடுதாமே. ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் போவோமா?"

வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் போனேன். இடைவேளை வரைக்கும் பரவாயில்லை. அதற்கப்புறம் அந்தத் தம்பி சங்கிலியில் கிடந்து ஊளையிடுகிறான், தட்டைத் தூக்கி அம்மா மேலே எறிகிறான். பின்னால் இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு பக்கம் கோமதி, அசையாமல் பார்க்கிறாள். மறுபக்கம் சண்முகம், சோளப்பொரிப் பொட்டலமும் அவனுமாக இருந்தான். போச்சு, என் கையாலேயே கெடுத்தேன் என்று பிள்ளையாருக்கு இன்னும் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கோமதிதான் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, அந்தச் சட்டைக் காலர்ல மஞ்சள் இருந்துச்சே, கவனிச்சீங்களா?"

"ஆமா தாயி" என்றேன்.

"அப்போ புதுச் சட்டைக்கு மஞ்சள் வச்சுக் குடுக்க அவனுக்கு வீட்டுல ஆளு இருக்கு. அந்த ஆளு எங்க போச்சு? படம் முடியிற வரைக்கும் அவனை ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையே. ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்கலையே."

"அதைக் குடுத்துட்டா ரெண்டாம் பாதி இல்லையே" என்றான் சண்முகம்.

அவள் சிரித்துவிட்டாள். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அப்பாகிட்ட இவரைப் பத்திச் சொல்ல ஒரே ஒரு குறைதான் இருக்கு அத்தை, சோளப்பொரி பூராவும் இவரே தின்னுட்டாரு."

தை மாசம் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைச் சட்டைக்குக் காலர் முனையில் நான்தான் மஞ்சள் வைத்தேன். எனக்கு வேலை இன்னும் அதேதான், சேட்டனும் அதே பிளேடைத்தான் நீட்டுகிறார். ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அடுத்த தடவை திரையில் ஒரு பைத்தியம் கந்தல் சட்டையோடு ஓடி வந்தால், அதைக் கிழித்தது கரமனையில் இருக்கிற ஒரு தையல்காரி என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.