டீக்கடையில் முறித்த கூட்டு

நெல் அறுக்கும் வண்டி ஒன்று. பாதி எனக்கு, பாதி என் பள்ளித் தோழனுக்கு. வரி வரியாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்த எனக்கு எதற்கு வண்டி என்று வீட்டில் அப்போதே கேட்டார்கள். கேட்டிருக்கலாம் நான்.

தோழனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. எதிரில் நிற்கிறவர் எவரானாலும், "நாளைக்கு மொத வண்டி உனுக்குத்தான்" என்பான். ஒரே காலை, மூன்று கழனி, மூன்றிலும் முதல் வண்டி. அவன் போனை அணைத்துவிடுவான். வசவு என் வாசலுக்கு வரும், பல் விளக்குவதற்கு முன்பே.

வெறுத்துப்போய் உத்திரமேரூர் வக்கீலிடம் ஓடினேன். ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "தொழில்ல அவர் குடுக்கற வாக்கு உங்க வாக்கும்தான் சார். நான் சொல்லலியேன்னு தப்பிக்க முடியாது."

"விலகணும்."

"இத்தனை வருஷம்னு இதுல கட்டுப்பாடு இல்ல. நோட்டீஸ் குடுத்தா கூட்டு முறிஞ்சிடும். ஆனா கெஜட்லயும் பேப்பர்லயும் அறிவிப்பு போடணும். வெளியாளுக்கு அதுவரைக்கும் நீங்களும் பொறுப்பு."

நோட்டீஸ் அனுப்பினேன். அறிவிப்பு மட்டும் போடவில்லை. கூடவே வளர்ந்தவனைப் பேப்பரில் போட்டு முறிப்பதா என்று கூச்சம். அதற்குப் பதில் டீக்கடையில் நாலு நாள் உரக்கச் சொன்னேன், நான் விலகிட்டேன் என்று. பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. ஊருக்கே தெரிவித்தாயிற்று என்று நம்பினேன், மடையன்.

தை மாதம். கிழக்கே கருப்பு ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெருநகர் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஓர் அம்மாள் வந்து நின்றாள். ஒன்றரை ஏக்கர் குத்தகைக் கழனி. கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. மழை விழுந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும்.

"இன்னா நைனா, மொத வண்டின்னு சொல்லிட்டு உன் கூட்டாளி போனை எடுக்க மாட்டேங்கிறாரு. வண்டி பெட்ரோல் பங்க்காண்ட சும்மா நிக்கிது."

"நான் விலகிட்டேம்மா. டீக்கடையில எல்லாருக்கும் சொல்லிட்டேனே."

"நான் இன்னா உங்க ஊர் டீக்கடை பெஞ்சுலயா குந்திக்கினு கீறேன்? எனுக்கு யார் சொன்னது? ரெண்டு பேர் வண்டின்னு நம்பித்தான வேற வண்டி பேசாம வுட்டேன்!"

வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டிச் சொன்னதை இவள் பஸ் டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். எரிச்சலாக வந்தது, அவள்மேல் இல்லை.

டிரைவரைப் போனில் பிடித்தேன். இந்த அம்மாளின் கழனியில் வண்டியை இறக்கச் சொன்னேன்.

"பத்து ஏக்கர்காரருக்கும் மொத வண்டின்னு சொல்லிக்கீறாரு உங்க ஆளு. நீங்க ஓனரா இல்லியா? மொதல்ல அத்த சொல்லுங்க. அப்பறம் பேஜார் எனுக்கு வேணாம்."

இல்லை என்றால் வண்டி நகராது. ஆமாம் என்றால், விலகினேன் என்று நான் கத்தியதெல்லாம் காற்றோடு போகும்; அவன் அளந்த அத்தனை வாக்கும் மறுபடி என் தலையில். அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓனர்தான். இறக்கு."

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வண்டி பாதிக் கழனியைத் தின்றிருந்தது. கடைசி மூலை திரும்பும் நேரத்தில் பத்து ஏக்கர்காரர் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இன்னாய்யா நெனச்சிக்கினு கீறீங்க? எனக்கு வாக்கு குட்த்தது யாரு?"

அவன்தான் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நாங்கதாங்க. இது முடிஞ்சதும் நேரா உங்க கழனிக்குத்தான்."

"அதுக்குள்ள இது நிக்குமா?" வானத்தைக் கை நீட்டிக் காட்டினார். அவர் திட்டத் தொடங்கினார். என் தோழனுக்கும் சேர்த்து, முறையாக, எதையும் விடாமல். பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. குவித்த நெல்லின் மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கத்தினாள்:

"திட்டு வாங்கறத அப்பறம் வாங்கு நைனா, இந்த முனையப் புடி!"

பிடித்தேன்.