வேப்பிலை கட்டிய வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் சொன்னது உடம்பு வலி, அவ்வளவுதான். அம்மை என்று நான் சொல்லவே இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லி என்ன?

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்குத் தையல் வகுப்பு. சட்டைப் பொத்தானுக்குக் காஜா தைத்து வராதவளுக்கு டீச்சர் ரூல்தடியால் விரல் முட்டியிலேயே போடுவார். நான் ஊசியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போதாததற்கு, அன்று சாயங்காலம் அக்காவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதும் உத்தியோகம். வீட்டில் கேசரி உண்டு. எந்த மடச்சி பள்ளிக்கூடம் போவாள்?

அப்பா வேலைக்குக் கிளம்பியதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தேன்.

"மேலெல்லாம் வலிக்குதும்மா."

ரவை வறுத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து நெற்றியைத் தொட்டார். போர்வைக்குள் வெந்துகொண்டிருந்தவளுக்கு நெற்றி சுடாமல் என்ன செய்யும்? பிறகு சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். ஏறக்கூடாது என்று சொல்லியிருந்த ரம்புத்தான் மரத்தில் முந்தின நாள் ஏறி, செவ்வெறும்பிடம் நன்றாகக் கடி வாங்கியிருந்தேன். முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கோட்டர்ஸில் பக்கத்து வரிசை வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த நேரம் அது.

"ஐயோ, ஆத்தா வந்துட்டாளே!" என்றார் அம்மா.

'எறும்பும்மா' என்று சொல்ல நாக்கு எழுந்தது. மரம் ஏறியதற்கும் அடி, பொய்க்கும் அடி, பிறகு பள்ளிக்கூடமும் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மை கண்ட வீட்டில் வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அடுப்பு அணைந்தது. வாசலில் வேப்பிலை ஏறியது. எடுத்ததற்கெல்லாம் அடிக்கும் அம்மா, என் கால்மாட்டில் நின்று என்னைக் கும்பிட்டார். எனக்கு நிஜமாகவே குளிர் எடுத்தது.

அப்பாவுக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. அம்மை கண்ட வீட்டுக்காரர்கள் வெளியே போய் யாரிடம் நிற்பது? அவர் வேலை முடிந்து ஸ்டேஷனிலேயே இருந்து விருந்தாளிகளை அழைத்து வருவதாக ஏற்பாடு.

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா சிரித்துப் பேசியபடி முன்னால் வந்தார். வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தூரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வரோம்" என்றுகூடச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் அதைச் சொன்னால் ஆத்தாளும் கூடவே கிளம்பி வந்துவிடுவாள் என்பது நம்பிக்கை. பேசாமல் திரும்பி நடந்தார்கள். அப்பா கொஞ்ச தூரம் அவர்கள் பின்னாலேயே போனார்.

அப்போதாவது கத்தியிருக்கலாம். ஆனால் அம்மா கும்பிட்டது ஒரு பொய்யை என்று எந்த வாயால் சொல்வேன்? பயந்தாங்கொள்ளிக் கழுதை நான்.

அக்கா பட்டுச்சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழசைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். ஒரு சுடுசொல் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். அம்மா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, என் முன் கைகூப்பினாள். அம்மை கண்டவளிடம் பேசுவது ஆத்தாளிடமே பேசுவதுதான் எங்களுக்கு.

"கோவிச்சுக்காத தாயே. அவங்க திரும்பி வருவாங்களா?"

கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "வருவாங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிள்ளான்காரர்கள் வரவே இல்லை. அடுத்த வருஷம் வேறொரு நல்ல வரன் வந்தபோது, "அவங்க வருவாங்கம்மா, ஆத்தாளே சொல்லிட்டா" என்று அக்காதான் வேண்டாம் என்றாள்.