அத்தைக்கு நான் பார்த்த காவல்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உலகத்தில் யாரையும் நம்ப மாட்டாள். காரணம் இருந்தது. முந்தின வருஷம் சித்திரைப் பொருட்காட்சிக்கு என்று சொல்லி அவளைக் கூட்டிப்போனார்கள். அவள் டெல்லி அப்பளத்தை வாய் நிறையத் திணித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்துக் கடையில் வளையல் பார்ப்பதுபோல நின்ற மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் பிடிக்கவில்லை என்று பதில் வந்த பிறகுதான் விஷயமே அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன் வந்தவர்களாவது வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். இனி எவன் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் உடலசைவுப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ஆடி ஓடிச் செய்ய வேண்டும். அம்மா, தனக்கு இடுப்பு வலி என்று அத்தையைப் போகச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? தான் இன்னும் கட்டாத புதுச் சுங்குடிச் சேலையையும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஆடுறதுக்கு எதுக்கு மைனி புதுச் சேல?"

"நாலு பேரு வர்ற எடம்ல."

அது போதாதா? பஸ் ஸ்டாப்பில் அத்தை என் காதோடு சொன்னாள்: "எவனாச்சும் என்னையவே பாக்குறானான்னு பாத்துக்கிட்டே இரு. பாத்தா கையக் கிள்ளு. அம்புட்டுத்தான், கெளம்பிருவோம்." அம்மாவுக்கு உண்மையிலேயே இடுப்பு வலிதான், அன்றைக்கு யார் நம்பினார்கள்? எனக்கோ என் கவலை. யானை நடைக்கும் தவளைத் தாவலுக்கும் ஒரு வாரமாகத் துடித்துக்கொண்டிருந்தேன். எவனாவது பார்த்துத் தொலைத்தால் எல்லாம் போச்சு.

பயிற்சி கொடுக்க வந்த அக்கா, முதலில் எல்லோரையும் வட்டமாக நடக்கச் சொன்னார். அத்தை அசையவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நடக்கவிட்டுத்தான் கால் ஊனமா என்று பார்ப்பார்களாம். அடுத்து, பெயரை ராகம் போட்டுச் சொல்லச் சொன்னார். "பாடத் தெரியுமான்னு பாக்குறாளாக்கும்" என்று அத்தை பல்லைக் கடித்தாள். எதிரே, அண்ணன் மகனைக் கூட்டிவந்திருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். கிள்ளப் போனேன். அவர் பார்த்தது அத்தையின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தை. அப்பாடா!

கடைசியாக, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, தான் அடிக்கும் டோலக் சத்தத்துக்கு இஷ்டப்படி ஆடுங்கள் என்றார் அந்த அக்கா. "நீ மூடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் ஆடியது. பிறகு கை எழும்பியது. பிறகு, அடியாத்தி, என் அத்தையா அது! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னல் பறக்க, முகமெல்லாம் சிரிப்பாகச் சுற்றிச் சுற்றி ஆடினாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. டோலக் அடித்த அக்காகூடக் கண்ணை மூடியிருந்தார். அந்த ஹாலில் கண் திறந்திருந்தது நான் ஒருத்திதான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அத்தைக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"யாராச்சும் பாத்தாய்ங்களா?"

"ஒருத்தரும் பாக்கல அத்தே."

"நான் ஆடுனப்ப?"

"அப்பவும்தான். எல்லாரும் கண்ண இறுக்கி மூடியிருந்தாங்க."

"அந்தக் கண்ணாடிக்காரரு?"

"அவருந்தான்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்ன வேலையைக் கச்சிதமாக முடித்த பெருமை எனக்குத் தாங்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நல்லா ஞாபகப்படுத்திப் பாருடி" என்று மறுபடியும் கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவம், இன்னும் பயம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் மனசு ஆறட்டும் என்று, ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.