சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறை

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்களுக்கு ஓர் அறை இருந்தது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய சில வருடங்களில் வாடகைக்கு எடுத்தது. நான் வசனம் எழுதினேன், படங்களை எடிட் செய்தேன். முல்லைத்தீவுக்கு மீண்டு வந்திருந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் ஒலிப்பதிவு செய்தார். எதிரொலி வராமல் சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டி அறையை ஸ்டூடியோ ஆக்கியவர் அவர்தான். நடிக்கவும் பாடவும் என் தோழி. தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவளுடையது. கச்சான் கடலைத் தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு பஸ் ஏறி வருவாள்.

ஞாயிறுகளில் வவுனியாவிலிருந்தும் நாயாற்றிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். கவிதை வாசிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், சிலர் சும்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் குறும்படம் ஒன்றில் அவள் காணாமல் போன மகனைத் தேடும் தாயாக நடித்தாள். வற்றாப்பளையில் அதைக் காட்டிய அன்று ஓர் அம்மா எழுந்து வந்து அவளின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உங்கட மகன் கிடைச்சவனோ?"

நடிப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லையம்மா, இன்னும் தேடுறன்" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தோம். கவிதை வாசித்தவர்கள் வெளிநாடு போனார்கள். நண்பர் கல்யாண வீடியோ வேலைக்குக் கொழும்பு போனார். தோழியின் கணவர் உழவு இயந்திரம் புரண்டு படுக்கையில் விழ, அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். "கெதியா வந்திடுவன், அறையை விட்டிடாதை" என்றாள். என்னால் தனியே தாக்குப்பிடிக்க முடியவில்லை. கட்டடத்தை யாரோ வாங்கினார்கள். இப்போது அங்கே வாகனக் கடன் கொடுக்கும் லீசிங் கந்தோர் ஒன்று. போனில் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"முட்டை மட்டையளை என்ன செய்தவை?"

"குப்பையில போட்டிட்டினம்."

அவள் திரும்பி வந்தபோது குரல் இல்லை. கழுத்தில் வந்த கட்டியை அங்கே வெட்டினார்களாம். அதற்குப் பிறகு காற்று மட்டும்தான் வருகிறது. பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கும்.

போன வருடம், பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றில் இளம் பிள்ளைகள் நாடகம் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போனிலேயே படம் பிடித்து அங்கேயே எடிட் செய்துகொண்டிருந்தார்கள். எங்களை ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் இப்படி ஓர் இடம் முன்னம் இருந்ததில்லை என்று ஒரு பிள்ளை பெருமையாகச் சொன்னாள். நான் வாய் திறக்கப் போக, தோழி என் கையை அமத்தினாள்.

"அக்கா, நீங்கள் நடிப்பீங்களோ?" என்று அந்தப் பிள்ளை அவளைக் கேட்டாள்.

அவள் சிரித்துத் தலையாட்டி மறுத்தாள். ஒத்திகை முடியும்வரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்தாள். ஒருத்தி பாடியபோது மட்டும் இவளின் உதடுகள் அசைந்தன.

வெளியே வந்ததும் என் காதுக்குள் சொன்னாள்: "நல்லாச் செய்யினம். நான் இனி வரேல்லை. நீ போ."

நான் போகிறேன். அவர்களுக்கு எடிட் செய்து கொடுக்கிறேன். அவள் வருவதில்லை.