இழுத்துப் பார்த்த வயர்

போன சனிக்கிழமை மத்தியானம். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு டாக்சி. பின் சீட்டில் என் மனைவி பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டியோ கிளம்ப மாட்டேன் என்கிறது!

டாக்சி, பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் ஓட்டுவது. பழைய டீசல் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போன மாதம்தான் கம்பெனி புதிதாக ஒன்றைக் கொடுத்தது. அன்றோடு அவருக்கு நிம்மதி போயிற்று.

பழைய வண்டியில் சாவியைத் திருப்பிவிட்டு, உள்ளே கம்பி சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணன் ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுசாகச் சொல்லி முடிப்பார். ஆமென்... வண்டி கிளம்பும். புதுசில், 'அருள் நிறைந்த' என்று ஆரம்பிப்பதற்குள் டாஷ்போர்டு விளக்கு அணைந்து 'கிளம்பலாம்' என்கிறது. ஜெபத்துக்கே நேரம் தராத வண்டியை எப்படி நம்புவது?

அடுத்து, டீசல் பம்ப். அண்ணன் பாஷையில், பழையதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளத் தனித்தனி ஆள். புதுசில் ஒரே ஆள் சுற்றிச் சுற்றி வந்து எல்லாருக்கும் கொடுக்கிறானாம்.

"கல்யாணப் பந்தியில நாலு வரிசைக்கும் ஒருத்தனே சாம்பார் ஊத்தினா, கடைசி இலைக்கு வந்து சேருமா தம்பி?" என்றார்.

நியாயம்தானே? எனக்கும் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி!

எல்லாவற்றையும்விட அந்த வயர்! பழைய வண்டியின் என்ஜினை அணைக்க, ஒரு குமிழைக் கையால் இழுத்து டீசலை அடைப்பார். புதுசில் அந்த வேலைக்குப் பம்ப்பின் தலையில் ஒரு சின்ன வயர். அதில் கரண்ட் வந்தால்தான் டீசலுக்கு வழி திறக்கும்.

"டீசல் வண்டிக்கு எதுக்கு லா கரண்டு?" தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, வயர் கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். பிரசவம் நெருங்கியதும் நானும் கூடப் போய் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்... சும்மா, ஓர் உறுதிக்குத்தான்.

சனிக்கிழமை எங்களுக்காகவே அண்ணன் சவாரிக்குப் போகாமல் இருந்தார். மத்தியானம் வலி எடுத்தது. சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றுகிறது... சுற்றுகிறது... பிடிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல தம்பி! நாலு வரிசைக்கு ஒரே ஆளு..."

"ஆமாண்ணே, நம்பியிருக்கவே கூடாது!" என்றேன் நான்.

பின் சீட்டிலிருந்து மனைவி கத்தினாள்: "காலையில ரெண்டு பேரும் எதையோ புடிச்சு இழுத்தீங்களே, மொதல்ல அதைப் போய்ப் பாருங்க!"

பார்த்தோம். வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வயர் மேல் என்ன தப்பு? தினமும் இழுத்து இழுத்துத் தளர்த்தியது எங்கள் விரல்கள்தான்.

சொருகினோம். ஒரே திருப்பில் கிளம்பியது. ஜெபத்தை அண்ணன் போகிற வழியில் சொல்லிக்கொண்டார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தாதி அதன் குட்டிக் கையில் பெயர்ப் பட்டை கட்டியிருந்தார். எனக்கோ மனசு கேட்கவில்லை. வார்டில் இத்தனை குழந்தைகள்... சரியாகத்தான் கட்டியிருப்பார்களா? மெதுவாக இழுத்துப் பார்த்தேன்.

மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க... அதுவும் கழண்டுடும்!"